ஈரமான பெஞ்சுகள்

பட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தக் கதையை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். நிதானக்காரர்களுக்கு ஒரு தடவை போதும்.

தென்காசிப் பக்கம் ஒரு சிறு நகரம். அங்கே நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை பார்ப்பவள் அமலோற்பவம். பதினோரு வருஷமாகப் புல்லுக்கும் செடிக்கும் தண்ணீர் பாய்ச்சுவது அவள் வேலை. ஆனால் காலையில் கேட்டைத் திறந்ததும் செடிகளிடம் போய்விட முடியாது. முதலில் சாக்குப்பையோடு பெஞ்சுகளைச் சுற்றி வரவேண்டும். காலி பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், மிக்சர் பொட்டலம், சில நாள் ரத்தக்கறை. இருட்டிவிட்டால் பூங்கா குடிகாரர்களுடையது. குடித்தால் வாய்ச்சண்டை, அது முற்றினால் கைக்கு அகப்படுவது பாட்டில்.

நகராட்சி சும்மா இருந்தது என்று பழி போட முடியாது. உயரமாக ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சீட்டாட வசதியாகப் போயிற்று. போலீஸ் ஜீப் ரோந்து வந்தது. ஜீப்பைக் கண்டு சுவரேறிக் குதித்தவர்கள், அது தெருமுனை திரும்பியதும் அதே சுவரேறி உள்ளே வந்தார்கள்.

ஒருநாள் காலை, சறுக்குமரத்தடி மணலில் கிடந்த கண்ணாடிச் சில்லு ஒரு நாலு வயதுக் குழந்தையின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. அமலோற்பவம்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள். தான் பொறுக்காமல் விட்ட சில்லு என்று நினைக்க நினைக்க அவளுக்கு மனசே ஆறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையுடைய தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஒரு பிள்ளை கால்லயும் குத்தாதும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்தாள். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாளிலிருந்து, காலையில் பாய்ச்சுகிற தண்ணீரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றிவிட்டாள். புல்தரை சொதசொதவென்று ஆனது. சிமென்ட் பெஞ்சுகளின் குழிவில் தண்ணீர் தேங்கி நின்றது. குடிக்க வந்த ஒருவன் உட்கார்ந்த வேகத்தில் வேட்டி நனைந்து துள்ளி எழுந்தான். போலீசுக்கே அடங்காத ஆசாமிகள் இந்த ஈரத்துக்கு முகம் சுளித்தார்கள். பத்தே நாளில் கூட்டம் கலைந்துவிட்டது.

நடைபாதை மட்டும் காய்ந்து கிடந்ததால் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நடக்க வந்தார்கள். ஒரு மாதத்தில் நாற்பது பேர். சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்து, ராத்திரி பத்து மணிக்கும் நடமாட்டம் இருந்தது. சங்கம் வைத்து, ஓய்வுபெற்ற தாசில்தார் சிதம்பரதாணுவைத் தலைவராக்கினார்கள். ஆடி மாதம் மோட்டார் எரிந்து நாலு நாள் தண்ணீர் இல்லை. நடக்க வந்தவர்கள் காய்ந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அந்த நாலு நாளும் குடிகாரர் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. மோட்டார் சரியானதும் அமலோற்பவம் வழக்கம்போலப் பாய்ச்ச ஆரம்பித்தாள்.

ஆவணியில் ஒருநாள் ஐந்தரை மணிக்கு, பழைய தபாலாபீஸ் சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காஜா மைதீன் அவளைத் தேடி வந்தான். தலையில் கட்டு.

"என்ன தம்பி இது?"

"உங்க பார்க்குல இருந்தவனுவ எல்லாம் இப்ப எங்க சந்துலதான் உக்காருதானுவக்கா. பார்க்குல தண்ணிய ஊத்தி வச்சுட்டாவன்னு அவனுவளே சொல்லுதானுவ. வாசல்ல பாட்டில உடைக்காதிங்கன்னேன். ஏழு தையல்."

அமலோற்பவத்துக்கு, நம் வாசலைப் பெருக்கி அடுத்தவன் வாசலில் கொட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"என் தலை போவட்டும். எம் மவ ட்யூஷன் முடிஞ்சு எட்டு மணிக்கு அந்த வழியாத்தான் வரணும். படிப்பே வேண்டாம்னு அழுதா. சாயங்காலத் தண்ணிய நிறுத்துங்கக்கா. அவனுவ பழையபடி இங்கயே வரட்டும். இங்க சுத்திச் செவரு இருக்கு. அடிச்சுக்கிட்டாலும் அவனுவளுக்குள்ள அடிச்சுக்கிடட்டும்."

நடந்துகொண்டிருந்த சிதம்பரதாணு காதில் இது விழுந்தது. நின்றார்.

"அதெல்லாம் நடக்காதுப்பா. நாங்க பாடுபட்டு மீட்ட பார்க் இது. சந்துக்குப் போலீஸ் இருக்கு, போய்ச் சொல்லு. எங்க சங்கம் இந்தச் செவரோட சரி."

'நாங்க' என்றபோது அமலோற்பவம் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். மணி ஆறு. அவள் கை வால்வின்மேல் இருந்தது. திறந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுபோகும். திறக்காவிட்டால், குழந்தையின் தாய்க்குக் கொடுத்த வாக்குப் போகும்.

இப்போது சொல்லுங்கள். அவள் திறக்க வேண்டுமா, கூடாதா? தண்ணீரை மாற்றியவள், நிறுத்தச் சொன்னவன், சுவரோடு சரி என்றவர், இந்த மூவரில் தப்பு யாருடையது?

விடை: திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். மோட்டார் எரிந்த நாலு நாள் பெஞ்சு காய்ந்து கிடந்தும் அவர்கள் வரவில்லை. ஈரம் அவர்களைக் கிளப்பியதோடு சரி. திரும்பி வராமல் தடுத்தது நடக்கிற நாற்பது பேரின் நடமாட்டம். எனவே தண்ணீரை நிறுத்தினாலும் காஜா மைதீனுக்கு விடிவில்லை, அமலோற்பவத்தின் வாக்குக்கும் பங்கமில்லை. சந்துக்கு வேண்டியது அதே நடமாட்டம். அதைத் தரக்கூடியவர் சிதம்பரதாணு ஒருவர்தான், தரமாட்டேன் என்றவரும் அவர்தான். தப்பு அவருடையது. அமலோற்பவம் அன்று வால்வைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டு, காஜா மைதீனோடு சந்துக்குப் போய், அவன் மகள் வந்து சேரும்வரை கடைவாசலில் நின்றாள். பூங்காவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.