தையல் வழியே வரும் மழை

மலை ஏறப் போகிற வாரத்தில் நாகலிங்கம் தன் குருவைப் பார்க்க வந்தார். தோளில் ஒரு பெரிய பை. கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி.

குருவின் பெயர் மீனலோசனி. மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார். தேடி வருகிறவர்களுக்குச் சும்மா உட்காரச் சொல்லிக்கொடுத்தார். வயதில் நாகலிங்கத்தின் மகளைவிடச் சற்றே மூத்தவர். ஆனாலும் நாகலிங்கம் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். வேறு எப்படிக் கூப்பிடவும் அவருக்கு வாய் வரவில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை குரு தன் சீடர்களோடு மேலே உள்ள காப்பித் தோட்டத்தில் போய்த் தங்குவார். தோட்டக்காரர் இடம் மட்டும் கொடுப்பார். கூரையை அவரவர் சுமந்து வர வேண்டும்.

இந்த முறை மகள் தமயந்தியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நாகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மூக்கில் குழாயோடு கிடந்தாள். இந்தப் பக்கம் நின்று அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார் இவர். இப்போது அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், மாடிப்படி ஏறுகிறாள். டாக்டரிடம் கேட்டதற்கு, "தாராளமா போகலாம். நனைஞ்சுபோய்க் குளிர்ல கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். அதில் பின்பாதி மட்டும்தான் நாகலிங்கத்தின் காதில் விழுந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

"எந்தக் கூடாரம் வாங்கினா பயமில்லாம படுக்கலாம்?"

குரு அட்டைப்பெட்டியைப் பார்த்தார். "அது என்ன?"

"கூடாரம்தான். விலை கம்மி. அதான் யோசனையா இருக்கு."

"போட்டுப் பாத்தீங்களா?"

"பிரிக்கவே இல்லம்மா. பிரிச்சா கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"பிரிங்க" என்றார் குரு.

நாகலிங்கம் தயங்கினார். பிறகு நாடாவைக் கிழித்தார். முற்றத்தில் துணியை விரித்து, கண்ணாடியிழைக் கம்பிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, எது எந்தத் துளையில் போக வேண்டும் என்று புரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். குரு உதவிக்கு வரவில்லை. வேப்பமரத்து நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனபோது கூடாரம் ஒருவழியாக நின்றது.

"உள்ள போய் உக்காருங்க" என்றார் குரு.

உட்கார்ந்தார். வெளியே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. மறுகணம் கூடாரத்தின்மேல் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. நாகலிங்கம் அண்ணாந்து பார்த்தார். துணி ஒழுகவில்லை. ஆனால் துணியும் துணியும் சேருகிற தையலில் ஒரு சொட்டு திரண்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தையல் முழுவதுமே கசிந்து அவருடைய வழுக்கைத் தலையில் இறங்கியது.

நனைந்த சட்டையோடு வெளியே வந்தார்.

"பாத்தீங்களாம்மா! நான் பயந்தது சரியாப்போச்சு. இதுல எம் பொண்ணப் படுக்க வைக்கிறதா? டவுன்ல ஒரு கடை இருக்கு, வெளிநாட்டுக் கூடாரமாம். கடனோ உடனோ, அதையே வாங்கிடறேன்."

"எங்க ஒழுகிச்சு?"

"எல்லா எடத்துலயும்."

"எங்க?"

நாகலிங்கம் யோசித்தார். "தையல்ல."

குரு உள்ளே போய் ஒரு பசைக் குழாயும் பழைய பிரஷும் கொண்டுவந்தார். தையலில் பூசினால் ரப்பர்போலப் படிந்து ஊசித்துளையை அடைக்கிற பசை. டவுனில் சாதாரணக் கடையிலேயே கிடைப்பதுதான்.

"காஞ்சதும் பூசுங்க."

மாலைவரை நாகலிங்கம் மண்டியிட்டுப் பூசினார். மறுநாள் வந்து, உள்ளே உட்கார்ந்து, தானே குரல் கொடுத்தார்: "ஊத்துங்கம்மா." ஒரே ஒரு மூலையில் மட்டும் சொட்டியது. அதையும் பூசிக் காயவைத்தார். அடுத்த முறை சொட்டவில்லை.

ஈரத்தோடு சுருட்டப் போனார். குரு தடுத்தார்.

"பூஞ்சணம் பிடிக்கும். காயட்டும். பையில என்ன?"

நாகலிங்கம் பையைக் கவிழ்த்தார். மூன்று டார்ச்லைட். இரண்டு அடுப்பு. கத்தி, அதைவிடப் பெரிய கத்தி, மடக்கு நாற்காலி, விசில், மருந்துக்கடையில் பாதி.

"இது எதுக்கு?" குரு இரண்டாவது அடுப்பைத் தொட்டார்.

"முதல் அடுப்பு எரியலைன்னா?"

"முதல் அடுப்பை எரியவெச்சுப் பாத்தீங்களா?"

நாகலிங்கம் அந்த அடுப்பை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"இந்தப் பெரிய கத்தி?"

"ஒரு தைரியத்துக்கு."

"கீழ விரிக்க என்ன வெச்சிருக்கீங்க?"

"கீழயா?"

"உங்க பாப்பா எதுமேல படுக்கும்?"

வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் தரையை மறந்துபோயிருந்தார். மலையின் மண் விடியவிடிய உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று போன முறை போனவர்கள் சொல்லிக் கேட்டிருந்தும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்றே வீட்டுக்குப் போய், பரணிலிருந்து பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை எடுத்தார். பக்கத்து வீட்டில் யோகாவுக்கு விரிக்கிற தடித்த பாயை இரவல் கேட்டார். கத்திகளையும் நாற்காலியையும் இரண்டாவது அடுப்பையும் கட்டிலுக்கடியில் தள்ளினார். பை பாதியாகிவிட்டது. ஆனால் பயம் பாதியாகவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கூடாரப் பையோடு மறுபடி வந்து நின்றார்.

"இன்னும் என்னய்யா?"

"காத்து அடிச்சு கம்பி உடைஞ்சா?"

குரு கூடாரப் பையைத் திறந்து ஒரு கம்பியை உருவினார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். கம்பியை முழங்காலில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். படீரென்று உடைந்து, முனை சிம்பு சிம்பாகப் பிளந்தது.

"அம்மா!"

நாகலிங்கம் அவரை நோக்கிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? காலையில கிளம்பணுமே! அவ ஆசையாத் துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டா. நான் போய் அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

"உடைஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டீங்க. உடைஞ்சிருச்சு. பண்ணுங்க."

நாகலிங்கம் கோபத்தோடு குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினார். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றித் தேடினார். கொல்லையில் பழைய டி.வி. ஆன்டெனாவின் அலுமினியக் குழாய் கிடந்தது. ஒரு சாண் நீளம் அறுத்தார். கம்பியின் சிம்புகளைச் சீவி, இரண்டு முனைகளையும் குழாய்க்குள் நுழைத்தார். இரண்டு பக்கமும் கறுப்பு டேப்பை இறுகச் சுற்றினார். வளைத்துப் பார்த்தார். தாங்கியது. இன்னும் வளைத்தார். தாங்கியது.

மிச்சக் குழாயிலும் ஒரு சாண் அறுத்து, டேப்போடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார். குருவிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

மறுநாள் மலையேறினார்கள். தமயந்தி முன்னால் நடந்தாள். அவள் இருமும்போதெல்லாம் நாகலிங்கத்தின் கால் நின்றது. "புழுதிப்பா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவரவர் ஓரிடம் பார்த்துக் கூடாரம் அடித்தார்கள். நாகலிங்கம் தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து அடித்தார். இப்போது எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்று தேடவேண்டியிருக்கவில்லை. பேனரைக் கூடாரத்துக்கு அடியில் விரித்து, வெளியே நீட்டிய ஓரம் மழையைப் பிடிக்காதபடி உள்பக்கம் மடக்கிவிட்டார். முளைகளைச் சாய்த்து அடித்துக் கயிறுகளை இழுத்துக் கட்டினார்.

பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. முதலில் காற்று வந்தது. சவுக்கு மரங்கள் ஓவென்று இரைந்தன. பிறகு மழை, முற்றத்துக் குழாயெல்லாம் விளையாட்டு என்கிற மாதிரி இறங்கியது.

தமயந்தி பாயில் சம்மணமிட்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகலிங்கத்துக்கு உட்கார முடியவில்லை. ஒவ்வொரு தையலாக விரலால் தடவினார். மூலைகளில் டார்ச் அடித்தார். வெளியே ஓடிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். உள்ளே வந்து மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டுப்போட்ட கம்பி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. மறுபடி வெளியே ஓடினார்.

உள்ளே வந்தபோது கூடாரத்தின் தரைத்துணியில் தண்ணீர் நின்றது.

"பாப்பா, ஈரம்! எங்கேயோ ஒழுகுது!"

"ஒழுகலப்பா."

"பின்ன இது?"

"நீங்க கொண்டு வர்றது."

நாகலிங்கம் குனிந்து பார்த்தார். அவருடைய வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து அவர் நின்ற இடம்வரை அவருடைய காலடித் தடம் மட்டும் ஈரமாக இருந்தது.

தமயந்தி துண்டை எடுத்து நீட்டினாள். "எனக்கு மழைச் சத்தம் பிடிச்சிருக்குப்பா. கொஞ்சம் கேக்கறேனே. நீங்க வேணும்னா, குருவம்மா தனியா இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க."

மழை கொஞ்சம் தணிந்ததும் நாகலிங்கம் குடையோடு போனார். குருவின் கூடாரம் காப்பிச் செடிகளை ஒட்டி நின்றது. கிட்டே போய்ப் பார்த்தவர் திகைத்தார். என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி வெளுத்திருந்தது. ஒரு பக்கம் குடைத்துணி ஒட்டு. இன்னொரு பக்கம் வேறு ஏதோ ஒட்டு. வாசல் ஜிப் போய், ஊக்கு மாட்டியிருந்தது.

"வாங்கய்யா. பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காம்மா."

குரு நகர்ந்து இடம் கொடுத்தார். நாகலிங்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. கூரையின் மூலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கீழே ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

"அம்மா, உங்களுது ஒழுகுதே!"

"ஆமா. போன வருஷம் அந்தப் பக்கம் ஒழுகிச்சு. அதை அடைச்சேன். இப்ப இந்தப் பக்கம்."

காற்று ஒரு முறை கூடாரத்தைப் பிடித்து உலுக்கியது. நாகலிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரு கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருடைய கையும் பாயின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்ததை நாகலிங்கம் கவனித்தார்.

காற்று ஓய்ந்தது.

"அம்மா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

டம்ளர் நிறைந்திருந்தது. குரு அதை எடுத்து, வாசல் துணியை விலக்கி வெளியே ஊற்றினார். திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"இருக்குங்கய்யா" என்றார். "அதனாலதான் டம்ளர் எடுத்துட்டு வந்தேன்."