எஞ்சினுக்குக் குதிரை பெயர் கொடுத்த கதை

அந்தக் காலத்தில் குதிரைகள் பேசும்; மனிதர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். கடலோர உப்பளம் ஒன்றில் மருக்கொழுந்து என்ற பெண்குதிரை இருந்தது. அதுவும் அதன் மூன்று தங்கைகளும் சக்கரத்தைச் சுற்றினால்தான் கிணற்று உப்புநீர் பாத்திகளில் பாயும். ஒரு குதிரை தனியாகச் சுற்றினால், விடியலிலிருந்து உச்சிப்பொழுதுக்குள் ஒரு பாத்தி நிறையும்.

ஒருநாள் விடியும் நேரம் தாவீது என்ற இரும்பு வியாபாரி வந்தார். அவருடைய வண்டியில் பானை வயிற்றோடு ஒரு பெரிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

"உங்க குதிரைங்களுக்குப் பதிலா இது, அக்கா. நாலையும் கொடுங்க, இதை இறக்கிட்டுப் போறேன்," என்றார் உப்பளக்காரி பூரணத்தாயிடம். "வயித்தப் பாத்தீங்களா? ஒரு மூச்சுக்கு ஒரு குடம் காத்து உள்ள போகும்."

பூரணத்தாய்க்கு ஆசை வந்துவிட்டது. மருக்கொழுந்துக்கோ சந்தேகம். தங்கைகளை எந்தெந்தச் சந்தையில் பிரித்து விற்பாரோ? வண்டியை மோந்துகொண்டே சுற்றி வந்தது.

"அண்ணாச்சி, உங்க வண்டிக்கு மாடு எங்க?"

"மேய விட்டிருக்கேன்."

"சாணி வாசனையே இல்லையே."

தாவீது தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

மருக்கொழுந்து பூரணத்தாயிடம் திரும்பியது. "வயித்தப் பாத்துக் கொடுக்காதீங்கம்மா. தொந்தி வச்சவங்க எல்லாம் மூட்டை தூக்குதாங்களா? உச்சிக்குள்ள எத்தனை பாத்தி நிரப்புதோ, அத்தனை குதிரை கொடுங்க."

பெரிய எஞ்சின் ஓடியது. 'டொம்' என்று ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து இன்னொரு 'டொம்'. ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணீர் குபுக்கென்று கொட்டியது உண்மைதான். ஆனால் உச்சிப்பொழுதில் இரண்டு பாத்திகளே நிறைந்திருந்தன.

மருக்கொழுந்தின் காதுகள் வண்டிப் பக்கம் திரும்பின. "அந்தச் சாக்குக்குள்ள மூச்சு விடுறது யாரு?"

சாக்கை விலக்கினால், பூசணிக்காய் அளவில் ஒரு குட்டி எஞ்சின்.

"அது சின்னப் பய. வண்டி இழுக்க வச்சிருக்கேன். இவன் வயித்துல கால் வயிறுகூட இல்ல," என்றார் தாவீது.

"அவனையும் கட்டிப் பாப்போம்."

மறுநாள் அது 'படபட'வென்று ஓடியது. ஒவ்வொரு மூச்சும் சின்னதுதான். உச்சிக்குள் மூன்று பாத்திகள் நிறைந்தன.

"எப்படிட்டி இது?" என்றாள் பூரணத்தாய்.

"வயிறு எவ்வளவு கொள்ளுதுங்கிறது பாதிதான்மா. எத்தனை தடவை மூச்சு விடுதுங்கிறது மீதி."

"நல்லாச் சொன்ன. அப்ப மூணு குதிரை கொடுக்கணும். நீ வச்ச கணக்குதான்."

தங்கைகள் மூன்றும் மருக்கொழுந்தைப் பார்த்தன. அது மெல்ல வியாபாரியிடம் போனது.

"அண்ணாச்சி, ஊர் ஊரா அலையுதீங்களே, ஏன் யாரும் வாங்கல?"

"எவ்வளவு பலம்னு கேக்காங்க. வயித்தக் காட்டினா நம்ப மாட்டேங்காங்க."

"குதிரைய எல்லாருக்கும் தெரியும். எங்க பேரைச் சொல்லி வில்லுங்க. என் தங்கச்சிங்கள விட்டுருங்க."

"வெறும் பேரா?" என்று தாவீது முகம் சுளித்தார்.

அப்போது பக்கத்து உப்பளக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஓய், அந்தப் பெரிசு எவ்வளவு இழுக்கும்?"

தாவீது மருக்கொழுந்தைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு குதிரை."

"எனக்குப் போதும். இங்க இறக்கும்."

தாவீது பெரிய எஞ்சினை வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கினார். பிறகு குதிரைகளை விட்டுவிட்டு, குதிரைப் பெயரை எடுத்துக்கொண்டார். குட்டி எஞ்சினுக்காக மேற்கொண்டு ஒரு வண்டி உப்பும் தந்தாள் பூரணத்தாய்.

"சரி, இப்ப என் வண்டிய யாரு இழுப்பா?"

"மேயப் போன மாட்டைக் கூப்பிடுங்க," என்றது மருக்கொழுந்து. "ஒண்ணு நினைவிருக்கட்டும், அண்ணாச்சி. பேரைத்தான் கொடுத்தேன், நம்பிக்கையக் கொடுக்கல. நீங்க எங்க வித்தாலும் எங்க ஆளுங்க எண்ணிக்கிட்டே இருப்பாங்க."

அன்று முதல்தான் எஞ்சினின் வயிற்றளவை ஒரு கணக்காகவும், குதிரைத்திறனை வேறொரு கணக்காகவும் சொல்கிறார்கள். இன்றும் தெருவில் எஞ்சின் சத்தம் கேட்டதும், நிற்கிற குதிரை முதலில் காதைத்தான் அந்தப் பக்கம் திருப்பும். மூச்சை எண்ணிப் பார்க்கிறது.