தியான அறையில் இடமில்லை

செண்பகவல்லியம்மாளின் மடம் என்று ஊரில் சொல்வார்களே தவிர, அது மடமில்லை. ஆற்றங்கரையில் ஒரு ஓட்டு வீடு. உள்ளே ஒரு பாய், ஒரு குடம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். போகும்போது எதையும் அங்கே வைத்துவிட்டுப் போகக் கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

அங்கே வருகிறவர்களில் ஆவுடையப்பன் பழைய ஆள். பலசரக்குக் கடை வைத்திருந்தார். அம்மாளைவிட வயதில் மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள். சீடர் என்கிற பட்டத்தை அவராகவே எடுத்துக்கொண்டார். அம்மாள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்கழி முடியப் போகிற சமயம் ஒரு காலையில் அவர் வந்து நின்றார். உட்காரவில்லை.

"எனக்குத் துறவு கொடுங்கம்மா. வீட்ல மூச்சு முட்டுது."

"ஆளாலயா, சாமானாலயா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாமானால்தான் என்றார். அப்புறம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். பரண் முழுக்கப் பாத்திரம். கட்டிலுக்கு அடியில் பாத்திரம். கல்யாணத்துக்கு வந்தது, பெண் பிள்ளை பிறந்ததற்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது என்று ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அதில் பாதிப் பேர் செத்தே போனார்கள், பாத்திரம் மட்டும் சாகவில்லை. மனைவி வடிவு அதில் ஒரு கரண்டியைக்கூட விட மாட்டேன் என்கிறாள். அப்பா வாசல் நடையில் சுருண்டு படுக்கிறார், மகள் உலகம்மை அடுப்படிப் படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். இது வீடா, கோடவுனா என்று அம்மாளையே கேட்டார்.

"நீங்க போறேன்னதுக்கு மதினி என்ன சொன்னாக?"

"போனா போங்கன்னுட்டா."

"சொல்லும்போது முகம் எப்படி இருந்துச்சு?"

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தான் முகத்தைப் பார்க்கவில்லை என்றார் ஆவுடையப்பன். உள்ளதைச் சொல்லிவிடுகிற மனிதர், அதில் குறை சொல்ல முடியாது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற அன்று தானே அவர் வீட்டுக்கு வருவதாகவும், வடிவிடம் நேரில் கேட்டுக்கொண்டு அவரைக் கூட்டிப் போவதாகவும் அம்மாள் சொன்னாள். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி ஆவுடையப்பன் வீட்டுக்கு நடந்தார்.

அந்தப் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தின வாரம் எந்தத் தெருவிலும் நடக்க முடியாது. வெள்ளையடிப்பதற்காக வீட்டுக்குள் இருக்கிறதெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். கட்டில், பீரோ, ஆட்டுரல், பாய், போன தலைமுறையின் நாற்காலி. ஒருவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பது தெருவுக்குத் தெரிகிற நாள் அது. எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி குப்பைதான் என்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது. அம்மாள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். சுவரெல்லாம் ஈரம், தரையெல்லாம் சுண்ணாம்புச் சொட்டு. வீடு காலியாக இருந்ததால் பேச்சு கொஞ்சம் எதிரொலித்தது. வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, இப்படி வந்த நேரத்தில் உட்காரக்கூட இடமில்லையே என்று சங்கடப்பட்டாள்.

மூலையில் ஒரு அறை மட்டும் பூட்டிக் கிடந்தது.

"அதுக்கு வெள்ளையடிக்கலையா?" என்று அம்மாள் கேட்டாள்.

"அது அவுக தியான அறை. நாங்க யாரும் தொடுறதில்ல" என்றாள் வடிவு.

ஆவுடையப்பன் பெருமையோடு சாவியை எடுத்துத் திறந்தார். அம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தாள். இன்னொரு காலை வைக்க இடமில்லை.

சாமி படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து சுவரையே மறைத்திருந்தன. முருகன் படம் போட்ட காலண்டர், பிள்ளையார் படம் போட்ட காலண்டர். வருஷம் போய்விட்டது, ஆனால் சாமியைக் கிழிக்க முடியுமா? போன கோயிலிலெல்லாம் வாங்கிய விபூதிப் பொட்டலங்கள், குங்குமப் பொட்டலங்கள், நிறம் போன கயிறுகள், ஈயம் பூசி அடைத்த கங்கைச் செம்புகள், கல்லாகிப் போன தேங்காய், பூச்சி அரித்த மான் தோல், யார் யாரோ சாமியார்கள் தொட்டுக் கொடுத்த துண்டுகள். ஊதுபத்தி டப்பா காலியானாலும் அதன்மேல் லட்சுமி இருந்ததால் அதுவும் இருந்தது.

"இதுல நீங்க எங்க உட்காருவீக?"

"முன்ன நடுவுல கொஞ்சம் இடம் இருந்தது."

"இப்ப?"

"இப்ப அங்க, மடத்துக்குத்தான வந்து உட்காருதேன்."

உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வடிவு சிரிக்கவில்லை. அவள் இந்தப் பூட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள்.

இதையும் வாசலுக்குக் கொண்டு போவோம் என்றாள் அம்மாள். ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. இது மற்ற சாமான் மாதிரி இல்லை, எல்லாம் தெய்வ சம்பந்தம், தெருவில் வைத்தால் பாவம் என்று தடுத்தார். அம்மாள் அவரோடு வாதாடவில்லை. படங்களுக்கு நடுவே எதையோ தேடினாள். சந்தன மாலை போட்டு, பொட்டு வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் படமே இருந்தது.

"உயிரோட இருக்கும்போதே மாலை போட்டுட்டீகளா அண்ணாச்சி?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மாள் அந்தப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். தேய்ந்த விளக்குமாறுகளுக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னையே வெளியே வச்சாச்சு. இனி யாருக்கு மரியாதை பாக்கணும்?"

அதற்கப்புறம் அவர் வழியை விட்டு விலகிக்கொண்டார். சாமான் வெளியே போக ஆரம்பித்தது. அம்மாள் விபூதிப் பொட்டலங்களை மட்டும் தன்னிடம் கொடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே தகரச் சம்படத்தில் கொட்டினாள். அவர் பதறிப்போய், இது பழநி, இது திருச்செந்தூர் என்று தனித்தனியாக வைத்திருந்ததைச் சொன்னார். அம்மாள் சம்படத்தைக் குலுக்கி நீட்டினாள்.

"இப்ப திருச்செந்தூர எடுங்க."

அவர் சம்படத்துக்குள் பார்த்தார். அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எந்த ஊர் விபூதி என்று நெற்றிக்குத் தெரியவில்லை.

படங்களை என்ன செய்வது என்று அடுத்த கவலை. அரசமரத்தடியில் கொண்டு வைத்துவிடலாமா என்று கேட்டார். அங்கே ஏற்கெனவே ஊரில் கைவிட்ட சாமியெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இன்னும் எத்தனை பேரை அனுப்புவீர்கள் என்று அம்மாள் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தையும் சட்டத்தையும் பொங்கல் அடுப்பில் வைக்கச் சொன்னாள். பொங்கல் வைப்பதும் சூரியனுக்குத்தானே, சாமிக்குச் சாமி ஒன்றும் சொல்லிக்காது என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு படம் மட்டும் இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, தாராளமாக இருக்கட்டும் என்றாள்.

கடைசி வரிசைப் படங்களை எடுத்தபோது சுவரில் ஒரு ஜன்னல் வந்தது.

ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அங்கே ஒரு ஜன்னல் இருந்ததை அடியோடு மறந்துபோயிருந்தார். கொக்கி துருப்பிடித்திருந்தது. வடிவு அம்மிக்குழவியை எடுத்து வந்து தட்டினாள். கதவு திறந்ததும் பக்கத்து வயலிலிருந்து காற்று வந்தது. கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் ஆவுடையப்பனின் அப்பா தலையணையோடு வந்து ஜன்னலுக்கு நேரே நீட்டிப் படுத்துவிட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் கால் நீட்டுகிறேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். உலகம்மை புத்தகத்தோடு எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. தட்டெல்லாம் வாசலில் எந்தக் குவியலுக்கு அடியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வடிவு ஒரு சட்டியில் சோற்றையும் தயிரையும் போட்டுப் பிசைந்து கொண்டுவந்தாள். அறையின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கையிலும் உருட்டி வைத்தாள். மாமனாருக்கு, மகளுக்கு, அம்மாளுக்கு, புருஷனுக்கு, அப்புறம் ஒரு வாய் தனக்கு. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். சுண்ணாம்பு வாசனையோடு அந்தச் சோறு அவ்வளவு ருசியாக இருந்தது. பகலில் வடிவு உட்கார்ந்து சாப்பிட்டு ஆவுடையப்பன் பார்த்ததே இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்து சாப்பிட்டதும் எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

நெஞ்சு நிறைந்துபோய் அவர் வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"இப்படி இருந்தா எம்புட்டு நல்லாருக்கு. என் சாமானெல்லாம் போயிருச்சு. நீயும் அந்தப் பாத்திரத்த விட்டுத் தொலச்சா என்ன?"

வடிவு அடுத்த உருண்டையை அவர் கையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணம் ஆன மறுவருஷத்துலருந்து போறேன், போறேன்னுதான் சொல்லுதீக. நிசமாவே ஒரு நாள் போயிட்டா? கடையப் பாக்க உங்கள விட்டா ஆளு இல்ல. இவளயும் மாமாவயும் வச்சுக்கிட்டு நான் எத வித்துச் சோறு போட? அதுக்குத்தான் ஒரு டம்ளரக்கூட விடாம வச்சிருக்கேன்."

கையில் வாங்கிய சோறு ஆவுடையப்பன் கையிலேயே இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உலகம்மை புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சாமானைப் பார்த்து ஓடப் பார்த்தாரோ அது அவர் ஓடப் பார்த்ததால் சேர்ந்தது என்று அவருக்கு விளங்கியபோது, வெட்கத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

அம்மாள் கையை நக்கிவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, கிளம்புவோமா?"

அவர் எழுந்திருக்கவில்லை. "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? அங்க சொல்லுங்க."

அவர் வடிவின் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார்.

"நான் எங்கயும் போகல."

"பொங்கல் வரைக்குமா?"

"என்னைக்கும் போகல."

வடிவு சட்டியை வழித்துக் கடைசி உருண்டையை உலகம்மையின் கையில் வைத்தாள். எழுந்து கையைக் கழுவினாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள். கோபமாகத்தான் போகிறாள் என்று ஆவுடையப்பன் நினைத்தார். இத்தனை வருஷம் சொன்னதை ஒரு வார்த்தையில் அழித்துவிட முடியுமா என்று பயந்துகொண்டே பின்னால் போனார். அம்மாளும் வந்தாள்.

தெருவில் வடிவு பாத்திர மலையைக் கலைத்துக்கொண்டிருந்தாள். சின்னச் செம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அடியிலிருந்து பெரிய பித்தளை அண்டாவை வெளியே இழுத்தாள். அவளுடைய பெரிய மாமா பெயர் வெட்டிய அண்டா, வந்த நாளிலிருந்து அடுப்பில் ஏறாதது.

"இது இனி எனக்கு எதுக்கு?" என்று அவள் பொதுவாகச் சொன்னாள். "அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சோறு வடிக்க ஆகும். இன்னைக்கே கொண்டு போட்டுருவோம். உலகு, அந்தக் குத்துவிளக்குல ஒண்ண மட்டும் உள்ள கொண்டு போ. மிச்சத்த அப்புறம் பாப்போம்."

சொல்லும்போதே அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது. எதையோ வெகுநாளாகத் தலையில் சுமந்தவள் இறக்கி வைத்தது போல ஒரு பெருமூச்சு விட்டாள். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு முட்டுகிறது என்று சொன்ன நெஞ்சில் இப்போது காற்று தாராளமாகப் போய் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, காவிதான் இல்லன்னு ஆயிருச்சு. எனக்கு ஒரு உபதேசமாவது சொல்லிட்டுப் போங்க."

அம்மாள் வடிவைப் பார்த்தாள். அவள் அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"மதினிக்குக் கனக்குது பாருங்க. அந்தப் பக்கத்துக் காதைப் பிடிங்க."