பெரிய பெட்டியின் சாவி

கடலுக்குப் போன படகுகளோடு பேசும் வானொலி நிலையம் அது. நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி. உள்ளே, பழைய ரேடியோக்களில் பல்பு போல ஒளிருமே, அந்த வகையில் ஒரு பெரிய வால்வு. மெலிந்த குரலை வாங்கி, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்துக்கும் எட்டும்படி பெருக்கி அனுப்புகிற ஆம்ப்ளிஃபயர். நிலையத்தில் எல்லோரும் அதைப் பெரிய பெட்டி என்றார்கள்.

பெட்டிக்குப் பொறுப்பு ஜெசிந்தா. அவளிடம் வேலை பழகியவள் பிரகாசி. சொல்லிக்கொடுத்தவளைவிடப் பழகியவளுக்கு இரண்டு வயது கூடுதல். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து பிரகாசி வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததிலிருந்து பெட்டிக் கதவைக் கண்டாலே கை நடுங்கியது. முன்பெல்லாம் நடுங்காத கை.

“டீச்சர், இந்தப் பயம் எப்போ போகும்?”

ஜெசிந்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். “என்ன பயம்?”

“உள்ள கையை விட்டா பிள்ளை முகம் வருது. நான் இல்லாட்டா அது யார் மடியில கிடக்கும்னு வருது. ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேட்கப்போறேன். இன்னைக்கே.”

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் டப்பென்று ஒரு சத்தம். பெரிய பெட்டி தானாகவே அணைந்துபோனது.

எலெக்ட்ரீஷியன் சூசையண்ணன் ஓடி வந்தார். மின்சாரத்தோடு பாதி ஆயுசைக் கழித்தவர். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவர்.

“வால்வு போச்சு டீச்சர். ஸ்பேரை எடுத்துட்டு வரவா?”

“வால்வு வந்து உங்க காதுல சொல்லிச்சாண்ணே?”

“பின்ன? சாயங்காலம் காத்து கிளம்புதுன்னு படகுக்கெல்லாம் சொல்லியாகணும். பெட்டி படுத்துட்டா யாரு சொல்லுவா, நானா கரையில நின்னு கூப்பாடு போடுவேன்?”

“உங்க தொண்டைக்கு அதுவும் நடக்கும்.” ஜெசிந்தா பிரகாசியிடம் திரும்பினாள். “அக்கா, கதவைத் திறக்காம எவ்வளவு தூரம் தெரிஞ்சுக்கலாம்?”

பிரகாசி யோசித்தாள். உள்ளே போகும் சிக்னலை நிறுத்திவிட்டு, உயர் அழுத்த மின்சாரத்தை மட்டும் கொடுத்தாள். பெட்டி அணையாமல் நின்றது.

“வால்வுக்குள்ள ஷார்ட்டுன்னா இப்பவே விழுந்திருக்கணும் டீச்சர்.”

“ம்.”

சிக்னலைத் துளித்துளியாகக் கூட்டினாள். பாதிவரை ஒன்றுமில்லை. பாதி தாண்டியதும் டப்.

“பவர் ஏறினாத்தான் விழுது.”

“மூக்கு என்ன சொல்லுது?”

காற்று வெளியேறும் துவாரத்தில் பிரகாசி முகர்ந்து பார்த்தாள். காந்தல் இல்லை. வெல்டிங் பட்டறைப் பக்கம் போனால் அடிக்குமே, அந்த வாடை.

“எங்கயோ பொறி பறக்குது.”

“சன்னலைச் சாத்துங்க. லைட்டை அணைங்க.”

பட்டப்பகலில் கூடம் இருட்டானது. பெட்டியின் சின்னக் கண்ணாடி வழியாகப் பிரகாசி உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, ஜெசிந்தா பவரை மெல்ல ஏற்றினாள். வால்வு செம்மஞ்சளாகக் கனன்றது. முதலில் வேறொன்றும் தெரியவில்லை. பிறகு, செம்புச் சுருளைத் தாங்கும் பீங்கான் கட்டையின் மேல் நீலநூல் ஒன்று நெளிந்து ஊர்ந்தது. டப்.

“பாத்துட்டேன் டீச்சர்! இடது பக்கத்துப் பீங்கான். உப்பு படிஞ்சு, அது மேலயே பொறி ஓடுது.”

விளக்கு வந்தது. சூசையண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “நல்ல வால்வைப் பிடுங்கிப் போட்டிருப்பேனே.”

பிரகாசி ஜெசிந்தாவையே பார்த்தாள். ஒரு திருகைக்கூடத் தளர்த்தவில்லை. கேள்வி கேட்டே பெட்டியின் வயிற்றுக்குள் கூட்டிப்போய்விட்டாளே! தானும் ஒருநாள் இப்படி ஆகமுடியும் என்று முன்பு நினைத்திருந்தது ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு சாவி. மின்பலகையிலிருந்து அதை உருவினால்தான் உயர் அழுத்தம் நிற்கும். உருவிய அதே சாவியால்தான் பெட்டிக் கதவும் திறக்கும். உள்ளே கைவிடுகிறவர் கழுத்தில் சாவி கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இத்தனை வருஷமும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது ஜெசிந்தாவின் கழுத்தில், அவள் அணியும் மாதா உத்திரியக் கயிற்றோடு இன்னொரு உத்திரியமாகக் கிடந்தது.

ஜெசிந்தா மின்பலகையிலிருந்து சாவியை உருவினாள். கயிற்றை விரித்துப் பிரகாசியின் கழுத்தில் போட்டாள்.

“டீச்சர், நான் வேண்டாம்...”

“தாலி ஏறிட்டு,” என்றார் சூசையண்ணன். “பந்தி எப்போம்மா?”

பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் திறந்தாள். பைக்குள் பிள்ளையின் துணி ஒன்று இருந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தி. அதை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் எர்த் கம்பு தொங்கியது. நீளமான பிளாஸ்டிக் கம்பு, நுனியில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து தரைக்குப் போகும் தடித்த செம்புக் கம்பி. நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் பிடித்துவைத்திருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடுவது அதன் வேலை.

“கம்பெல்லாம் எதுக்கு? நிறுத்தி எம்புட்டு நேரமாச்சு. கெப்பாசிட்டர்ல உள்ளதெல்லாம் தானா வடிஞ்சிருக்கும். இங்க குடு தாயி, நான் ஒரே இழுப்புல துடைச்சிட்டு வாரேன்.” சூசையண்ணன் துணியை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

“கை வைக்காதீங்கண்ணே!”

தன் குரலா அது என்று பிரகாசிக்கே தெரியவில்லை. சூசையண்ணன் அப்படியே நின்றார்.

அவள் கம்பை எடுத்தாள். கை கிடுகிடுவென்று ஆடியது. கொக்கி கதவு விளிம்பில் பட்டுக் கலகலத்தது.

“ஏ, கம்பு டான்ஸ் ஆடுது பாரு!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கம்பை வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஜெபமாலை முன்மொழிகிற குரலில் சொன்னாள். “சாவி?”

“கழுத்துல.”

“இடது கை?”

“முதுகுக்குப் பின்னால.”

“கம்பு?”

பிரகாசி கொக்கியை நீட்டி, கெப்பாசிட்டரின் தலையைத் தொட்டாள்.

வெடித்தது. வெள்ளை வெளிச்சம் ஒன்று பெட்டியை நிரப்பிவிட்டுப் போயிற்று. காது அடைத்துக்கொண்டது. கொக்கியின் நுனி கருகியிருந்தது.

சூசையண்ணன் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துணி இன்னும் அவர் கையில் இருந்தது. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வடியலையே,” என்றார்.

“வடியவிடுற ரெசிஸ்டர் அறுந்திருக்கு,” என்றாள் ஜெசிந்தா. “இன்னொரு தடவை தொடுங்கக்கா.”

தொட்டாள். சின்னதாக ஒரு சொடுக்கு. மறுபடியும் தொட்டாள். சத்தமில்லை. கொக்கியை எடுக்காமல் அங்கேயே மாட்டிவைத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். ஜெசிந்தாவின் கை சூசையண்ணனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தது. அவர் குனிந்தபோதே பிடித்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரகாசி துணியை வாங்கிப் பீங்கானைத் துடைத்தாள். கரியும் உப்பும் துணியில் வந்தன. அடியில் பீங்கான் பால்வெள்ளையாக மின்னியது, கீறல் இல்லை. ரெசிஸ்டரையும் மாற்றினாள். கொக்கியை எடுத்து, கதவைப் பூட்டி, சாவியை மின்பலகையில் செருகினாள். பவர் ஏறியது. பாதியைத் தாண்டியது. முழுதாக நின்றது.

சாயங்காலம் காற்று எச்சரிக்கை கடலுக்குப் போயிற்று. இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. கேட்டுது, திரும்புறோம். கேட்டுது, திரும்புறோம். சூசையண்ணன் ஒவ்வொரு குரலுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்தது. பிரகாசி சாவியை உருவி, கயிற்றோடு ஜெசிந்தாவிடம் நீட்டினாள். கயிறு லேசாக ஆடியது.

ஜெசிந்தா அதை வாங்கவில்லை. மத்தியானம் ஆற்றிவைத்த டீயைத் தேடி எடுத்தாள். ஆடை கட்டியிருந்தது.

“டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல.”

“என்ன கேட்டீங்க?”

“இந்தப் பயம் எப்போ போகும்னு.”

ஜெசிந்தா ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தாள்.

“போற அன்னைக்கு வந்து சொல்லுங்கக்கா. சாவியை வாங்கிக்கிறேன்.”