காலடி மண்

படுவான்கரையில், வாவியைப் பார்த்தபடி ஒரு சிறிய சுகாதார நிலையம் இருந்தது. அதன் பொறுப்பு டொக்டர் பிரசாந்தினியிடம். கோடை விடுமுறை வந்தால், பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை மாணவர் யாராவது ஒருவர் கடல் கடந்து அவரிடம் களப்பயிற்சிக்கு வருவார். அந்த வருடம் வந்தவள் நிரோஜா. நோர்வேயில் பிறந்தவள். பயிற்சி தரும் டொக்டரைவிடச் சற்று மூத்தவள். அவளுடைய தமிழ், வீட்டில் பாதியும் சனிக்கிழமைப் பள்ளியில் பாதியுமாகச் சேர்த்தது.

வீடு வீடாகப் போய்க் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்ப்பது அவள் வேலை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள் என்று சொல்வதும்தான். மழை பொய்த்த வருடம். கிணற்றில் விட்ட வாளி அடியைத் தட்டிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மாலை மலர்ந்த முகத்தோடு திரும்பினாள். அன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று செய்ததாகச் சொன்னாள். வள்ளிப்பிள்ளை என்ற அம்மாவின் மருமகள் யோகினி நாலு மாதமாக முழுகாமல் இருக்கிறாளாம். மாமியாரே குரலைத் தாழ்த்திச் சொன்னாராம். தண்ணீர்ப் பஞ்சம் அந்தப் பெண்ணை என்ன பாடு படுத்தியிருக்கிறது, வெளியே வரவும் வெட்கப்பட்டு உள்ளேயே கிடக்கிறாள் என்று நிரோஜா இரக்கப்பட்டாள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருத்துவமாது சாந்தமலரின் கை அப்படியே நின்றது.

டொக்டர் சிரிக்கவில்லை. "நீங்கள் என்ன சொன்னீர்கள்? சொன்னபடியே சொல்லுங்கள்."

"அடுத்த கிழமை திரும்பி வருவேன், அதற்குள் கட்டாயம் முழுகியிருக்க வேண்டும் என்றேன்."

"முழுகாமல் இருக்கிறாள் என்றால், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்" என்றார் டொக்டர்.

அப்படியானால் முழுகுவது என்றால் என்ன என்று கேட்க நிரோஜா வாயெடுத்தாள். கேட்பதற்குள் விளங்கிவிட்டது. அடுத்த கிழமைக்குள் பிள்ளை கலைந்திருக்க வேண்டும் என்றல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

யோகினிக்கு முன்பு தங்கிய இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போனவை. இந்தமுறை இரத்த அழுத்தம் வேறு ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டியது. அதனால் அவளைக் கிழமைதோறும் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவளும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கிழமை அவள் வரவில்லை.

சாந்தமலர் தேடிப் போனாள். படலை திறக்கவில்லை. நாவூறு பட்ட பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று உள்ளேயிருந்து வள்ளிப்பிள்ளையின் குரல் மட்டும் வந்தது. கண் பட்டால் கண்ணூறு, நாக்குப் பட்டால் நாவூறு. கண்ணூற்றுக்காவது மருந்துண்டு, நாக்கில் கரி படிந்தவள் சொன்னதற்கு எங்கே போவது என்று அழுதாளாம்.

செய்தி ஊருக்குள் வேகமாகப் பரவியது. நிரோஜாவுக்கு 'முழுக்கு மிஸ்' என்று பெயர் விழுந்தது. கடைக்குப் போனால், "மிஸ் வாறா, கிணத்த மூடுங்க" என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த வீட்டு ஓலைக்கூரைதான் கண்ணை விட்டுப் போகவில்லை. உள்ளே ஏறுவது யார் கண்ணுக்கும் தெரியாத இரத்த அழுத்தம். அதை அளக்கும் கருவியோ இங்கே மேசையில் சும்மா கிடக்கிறது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை டொக்டரின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா?"

"என்னவென்று கேட்பீர்கள்?"

மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்தாள். தெரியாமல் வந்த வார்த்தை, கெட்ட எண்ணம் இல்லை, சொற்களுக்கு அப்படியொரு சக்தியும் கிடையாது, பயப்பட வேண்டாம் என்று நீண்டுகொண்டே போயிற்று.

"அந்த வீடு பயப்படுவது உங்கள் வாய்க்கு" என்றார் டொக்டர். "அதையா மறுபடியும் கொண்டுபோகப் போகிறீர்கள்?"

"வேறு எதைக் கொண்டுபோவது?"

டொக்டர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். நிரோஜா பின்னால் போனாள்.

படலைக்கு முன்னால் மணல் மெத்தென்று கிடந்தது. டொக்டர் தட்டவுமில்லை, கூப்பிடவுமில்லை.

"சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார்.

வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும் என்று அந்த ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தவள் நிரோஜா. டொக்டரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கழற்றினாள்.

"ஒரு காலை மணலில் அழுத்தி வையுங்கள். இனி விலகுங்கள்."

விலகினாள். மணலில் ஒரு தடம் பதிந்து கிடந்தது. "பெரியம்மா, காலடி மண் இருக்கிறது" என்று டொக்டர் உள்ளே குரல் கொடுத்தார்.

வெகுநேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு வள்ளிப்பிள்ளை சிரட்டையோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். நிரோஜாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானும் நாளு முழுக்க இவட அடியத் தேடித் திரிஞ்சன். எங்க பாத்தாலும் சப்பாத்து" என்று டொக்டரிடம் முறையிட்டாள். "மத்தக் காலையும் வைக்கச் சொல்லுங்க. அரை மண்ணுக்கு அரை நாவூறுதான் போகும்."

நிரோஜா மற்றக் காலையும் வைத்தாள். படித்த படிப்பெல்லாம் தலைக்குள் வரிசையாக எழுந்து நின்று அவளைப் பார்த்தது.

வள்ளிப்பிள்ளை இரண்டு தடத்து மண்ணையும் சிரட்டையில் அள்ளிக்கொண்டு போனாள். சற்றுப் பொறுத்து உள்ளே, மருமகளைச் சுற்றிப் போட்ட அந்த மண்ணோடு உப்பும் செத்தல் மிளகாயும் நெருப்பில் வெடித்தன. "பாத்தியா புள்ள, இவ்வளவு மிளகாய்க்கும் ஒரு கமறல் இல்ல. எல்லாம் நாவூறு" என்று வள்ளிப்பிள்ளை மருமகளுக்குச் சொல்வது கேட்டது. வெளியே நின்ற நிரோஜாவுக்குத் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு இருமல் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, வாவிக்கரைவரை ஓடினாள்.

அடுத்த கிளினிக்குக்கு யோகினி வந்தாள். நிரோஜா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். டொக்டர் ஒருமுறை அளந்தார். இன்னொருமுறை அளந்தார். இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கையோடு ஓட்டோவை வரவழைத்தார்.

யோகினி ஏறிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. வள்ளிப்பிள்ளை ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்தவள், திரும்பி நேரே நிரோஜாவிடம் வந்தாள்.

"மிஸ், அவளுக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லி அனுப்புங்க."

ஓட்டோ உறுமிக்கொண்டு நின்றது. நிரோஜா டொக்டரின் பக்கம் சரிந்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"டொக்டர், என் சொல்லில் ஏதோ இருக்கிறது என்று நீங்களுமா நம்புகிறீர்கள்?"

டொக்டர் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஒன்றுமில்லையென்றால், தண்ணீரைக் கொதிக்கவையுங்கள் என்று சொல்ல எதற்காக இத்தனை வீடு ஏறினீர்கள்?"