ஏழாவது பூசணிக்காய்

"கோர்ட்டுலயே ஜெயிச்சாச்சும்மா. இன்னும் ஒரு சொட்டு தண்ணி வரல."

சொன்னவர் சிவக்கொழுந்து. கீழப்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், கொஞ்சம் வீம்புக்காரர். கேட்டுக்கொண்டிருந்தவர் கோயில்களில் கதை சொல்லும் வேதவல்லி அம்மையார். அவரிடம் கதை கற்கும் சீடர் சிவக்கொழுந்து; குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூட.

கீழப்பட்டியில் நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாள் தாங்காது. ஏரி மடையோ மேலப்பட்டிக்காரர்கள் கையில்.

"அவங்க கோயில்ல என்ன கதை?" அம்மையார் கேட்டார்.

"தண்ணி திருட வந்த ஏழு பேரை முனியப்பன் பிடிச்சு வெட்டினான்னு. ஏழு பூசணிக்காய் வெச்சு வருஷா வருஷம் பூசை. நாளைக்குக்கூட இருக்கு."

"உங்க கோயில்ல?"

"எங்க அம்மனை அவங்க ஏரியில சிறை வெச்சிருக்காங்கன்னு."

அம்மையார் சிரித்துவிட்டார். "அப்போ கோர்ட்டு என்னதான் பண்ணும், பாவம்?"

சீடருக்குக் கோபம் வந்தது. "கதையா வந்து மடையை மூடிச்சு?"

"நாளைக்கு என்கூட வாங்க."

மறுநாள் மேலப்பட்டி முனியப்பன் கோயில். மடைக்காரர் பச்சையப்பன் அரிவாளை ஓங்கினார். ஆறு பூசணிக்காய் பிளந்து விழுந்தன. ஏழாவதை வெட்டவில்லை. மஞ்சள் துணி சுற்றி, பத்திரமாக ஓரத்தில் வைத்தார்.

"அதை ஏன் வெட்டல?" அம்மையார் கேட்டார்.

"வெட்டறதில்லீங்க. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"ஆறு பேரை வெட்டின சாமி, ஏழாவது ஆளை ஏன் விட்டுச்சு?"

கூட்டம் பச்சையப்பனைப் பார்த்தது. பச்சையப்பன் தலையைச் சொறிந்தார்.

"அவன் திருடியிருக்க மாட்டான். வாயைத் தொறந்து கேட்டிருப்பான்."

அம்மையார் தன் சீடரைப் பார்த்தார்.

கலெக்டருக்கு மனு, மந்திரிக்கு மனு, கோர்ட்டில் வழக்கு. இந்த மனிதர்களிடம் மட்டும் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சிறை வைத்தவர்களிடம் போய் யார் கேட்பார்கள்?

சிவக்கொழுந்துக்கு வெட்கமாக இருந்தது. கை கூப்பினார்.

"பயிர் காயுதுப்பா. தண்ணி குடுங்க."

பச்சையப்பன் சாமியைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார்.

"கேட்டுட்டாரேப்பா!" என்றார்.

மேலப்பட்டியே மடைக்கு ஓடியது.

கீழப்பட்டி வாய்க்காலில் தண்ணீர் திமிறிக்கொண்டு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆண்கள் வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள்.

"அம்மனை மீட்டாச்சு! சிறையை உடைச்சாச்சு!" ஊரே கத்தியது.

சிவக்கொழுந்து திடுக்கிட்டு அம்மையாரைப் பார்த்தார். அவர் வாய்க்காலைக் கைகாட்டினார்.

மஞ்சள் துணியோடு அந்த ஏழாவது பூசணிக்காய் மிதந்து வந்துகொண்டிருந்தது.

சீடர் வேட்டியோடு தண்ணீரில் குதித்தார். பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். தொண்டை கிழியக் கத்தினார்.

"மீட்கலைடா! தாய்வீட்டுல சீர் வெச்சு அனுப்பியிருக்காங்க!"