நாலு எண்ணிக்கை முன்னால்

சனிக்கிழமை எங்கள் முதல் ரெக்கார்டு வெளியீடு. வியாழக்கிழமை மத்தியானம் லூர்துராஜ் என்னையும் இழுத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போனான், ஃபிலோமினா டீச்சரைப் பார்க்க.

லூர்து சாக்ஸபோன். நான் டிரம்ஸ். கோமளா பியானோ. சவரிநாதன் டபுள் பாஸ், ஆள் உயரத்துக்கு நிற்குமே, அது. நாலு பேரும் பதினோரு வருஷமாக ஒரு ஹோட்டலில், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே, யார் யாரோ போட்ட ஜாஸை வாசித்தோம். இப்போதுதான் லூர்து தானே போட்ட ஏழு பாட்டுகளை ஸ்டூடியோவில் பதிவு செய்திருந்தோம்.

டீச்சருக்கு லூர்துவைவிட ஆறு வயசு கம்மி. கல்யாண பேண்டில் ஊதிக்கொண்டிருந்தவனுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்தது அந்தம்மாதான். அவர் சொன்னால்தான் அவன் மண்டையில் ஏறும். நான் சொன்னால் ஏறாது, சொல்லியும் பார்த்தாச்சு.

டயர் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு. டீச்சர் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சவரி வரமாட்டேங்கறான் டீச்சர்."

"எங்க?"

"எங்கயுமே. போன் எடுக்கலை. 'வேற ஆளைப் பாத்துக்க'ன்னு ஒரே ஒரு மெசேஜ். பதினோரு வருஷமா என் பக்கத்துல நின்னவன்! சனிக்கிழமை அவன் இல்லாம எப்படி மேடை ஏறுவேன்? நான் என்ன தப்பு பண்ணேன், நீங்களே சொல்லுங்க."

அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கோபமாகவும் இருந்தது எனக்கு.

"ரெக்கார்டைப் போடுங்க" என்றார் டீச்சர்.

லூர்து மூன்றாவது பாட்டைப் போட்டான். 'லெவல் கிராசிங்' என்று பெயர் வைத்திருந்தான். டீச்சர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"தப்பே இல்லை."

"அதான் டீச்சர்! ஒரு பிசிறு கிடையாது."

"முதல்லேயே இப்படி அமைஞ்சுதா?"

"இல்லை. முதல் தடவை சவரி சொதப்பிட்டான். நடுவுல நாலு எண்ணிக்கை முன்னாடியே அடுத்த பகுதிக்குத் திரும்பிட்டான்."

"நீங்கல்லாம்?"

"கோமளா அவன்கூடவே போயிட்டா. இதோ, இந்த துரைபாபுவும் போயிட்டான். நான் மட்டும் தனியா நிக்க முடியுமா? நானும் போனேன்."

"எங்க போனீங்க?"

எனக்குத் தெரியும். சுரம் எழுதின பேப்பரில் இல்லாத இடத்துக்குப் போனோம். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தன் காலெடுத்து வைத்தால் மற்ற மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கூடவே போனோம். முடிந்ததும் நாலு பேரும் பைத்தியம்மாதிரி சிரித்தோம். சவரி சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினோரு வருஷம் அடுத்தவன் சாப்பாட்டுக்கு வாசித்ததெல்லாம் இந்த ஆறு நிமிஷத்துக்குத்தானோ என்று இருந்தது.

மறுநாள் காலையில் லூர்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தான். முதல் ரெக்கார்டாம், காலத்துக்கும் நிற்குமாம், தப்போடு நிற்கக் கூடாதாம். திரும்ப எடுத்தோம். காதில் டக் டக்கென்று கணக்கு ஓட, ஆளுக்கொரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் பேப்பரில் இருந்தபடியே வாசித்து முடித்தோம். சாயங்காலம் சவரியைத் தனியாக வரச்சொன்னான். எங்கள் வாசிப்பை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு அவன் பங்கை மட்டும் போட்டால் போதும் என்றான்.

"அந்த முதல் தடவை வாசிச்சது இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

"அழிச்சிட்டேன்."

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

"சவரி தனியா வாசிச்சப்போ எப்படி இருந்தது?"

"ஒரே தடவையில முடிச்சான். ஒண்ணும் பேசலை."

"பொய்" என்றேன். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. "நடுவுல அதே இடம் வந்தப்போ பேப்பர்ல இல்லாத ஒண்ணை வாசிச்சான் டீச்சர். சின்னதாத்தான். வாசிச்சிட்டுத் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியா வெளியே இருந்த எங்க ரெண்டு பேரையும் பாத்தான். இவன் மைக்கை அமுக்கி, 'பேப்பர்ல இருக்கறதை மட்டும் வாசி சவரி'ன்னான். அதுக்கப்புறம்தான் ஒரே தடவையில முடிச்சான்."

"நீ மட்டும் என்னடா பண்ணிட்டிருந்தே?" என்று லூர்து என் மேல் பாய்ந்தான்.

"டீ குடிச்சிட்டிருந்தேன்."

அது உண்மை. சொல்லும்போது வாயெல்லாம் கசந்தது.

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கீழே டயர் தட்டுகிற சத்தம் குறைந்தது.

"லூர்து, சாக்ஸை எடுங்க. அதே பாட்டைத் திரும்பப் போடறேன். கூட வாசிங்க."

"அதுல ஏற்கெனவே நான் வாசிச்சிருக்கேனே?"

"இருக்கட்டும். பேப்பர் வேண்டாம். என்ன தோணுதோ அது."

லூர்து வாசிக்க ஆரம்பித்தான். முதலில் ரெக்கார்டோடு ஒட்டியே போனான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டான். நடுப்பகுதி நெருங்கும்போது, சவரி அன்றைக்குத் திரும்பின அதே இடத்தில், நாலு எண்ணிக்கை முன்னால் அவனும் திரும்பினான். வேண்டுமென்று செய்தானா, கை தானாகப் போனதா, தெரியாது. அடேயப்பா, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ரெக்கார்டு திரும்பவில்லை.

ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பியானோ அது பாட்டுக்குப் போனது. மூச்சு முட்ட இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். அவனே வாசித்து வைத்திருந்த சாக்ஸபோன் அவன்மேல் ஏறிப் போனது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் முழங்காலில் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் என் டிரம்ஸ் கணக்குத் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது.

லூர்து நிறுத்திவிட்டான். பாட்டு நிற்கவில்லை. மிச்சம் இரண்டரை நிமிஷம் இருந்தது. டீச்சர் அணைக்கவில்லை. முழுசும் ஓடி முடிகிறவரை அவன் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்றான்.

"என்ன டீச்சர் இது?" என்றான் கடைசியில். முகம் சிவந்திருந்தது. "அது ரெக்கார்டு. அதுக்குக் காதா இருக்கு? நான் திரும்பினா அது எப்படித் திரும்பும்? நான் நின்னா அது எப்படி நிக்கும்?"

"நிக்காது. அது ரெக்கார்டு" என்றார் டீச்சர். "அன்னிக்குச் சவரி தலையைத் தூக்கிப் பாத்தப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது நீங்கதானே, லூர்து?"

லூர்து சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தான். மூடியை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.